தவமணி பிறந்த இடம்

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் குண்டசாலை பஸ்ஸுக்காக நின்றபோது தவமணியின் தம்பி போனில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே. மரண அறிவித்தல நீங்கதான் எழுதித் தரணும்." ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, அங்கேயே எழுதி அனுப்பினேன்.

தவமணியும் நானும் கண்டியில் ஒரே கந்தோரில் பதினெட்டு வருடம் வேலை செய்தோம். கலஹாப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், அடுத்தடுத்த தொழிலாளர் லயங்களில் பிறந்தவர்கள். கந்தோர் நண்பர்களே, நானும் அங்கே பிறந்தவன் என்று உங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். புதிதாக வந்த அதிகாரி ஊர் கேட்டபோது, "கலஹா தோட்டம் சேர், லயத்துல பொறந்தவ" என்றார் தவமணி. அடுத்து நின்ற நான் "கண்டி" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது.

அன்று மதியம் தவமணி ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தை என் முன் வைத்தார். "ஊர் கேட்டா தொண்டையில என்னமோ அடைக்குதுல்ல? அத நெனச்சுக்கிட்டே, பேனையத் தூக்காம கண்டபடி ஒரு கோடு இழுங்க." இழுத்தேன். கோடு தன்னையே வெட்டிய இடமெல்லாம் கூரான மூலைகள். "இப்ப ஒவ்வொரு மூலையையும் கூர் போக மெதுவா வளைச்சு உருட்டுங்க. கை பழகினா வாயும் பழகும்ணே." எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும் தன் குணம் இப்படித்தான் போனது என்றார்.

நான் என்ன செய்தேன்? "சின்னப்புள்ள வெளாட்டு" என்று அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினேன். கந்தோரே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள். இன்று "அருமையான மனுஷி" என்று கண்ணைத் துடைக்கிறோம். வெட்கமே இல்லையா நமக்கு? அதன் பிறகும் அவர் அவ்வப்போது ஒரு வெற்றுத்தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் பேனையைத் தொட்டதில்லை.

செத்த வீட்டு வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. தம்பி என்னை ஓரமாக அழைத்துப் போனார். "அக்கா தோட்டத்துலதானே பொறந்தாங்க? ஒங்களுக்குத் தெரியாததாண்ணே?" அப்போதுதான் நான் எழுதியதை வாசித்தேன். 'கண்டியைப் பிறப்பிடமாகவும், குண்டசாலையை வதிவிடமாகவும் கொண்ட.' ஐயோ, என் கை அப்படித்தான் பழகியிருந்தது. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் தன் ஊரை ஒளிக்காத மனுஷியை, செத்த அன்றே நான் ஒளித்துவிட்டேன்.

அவர் தந்த முதல் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. நேற்று அதை எடுத்து, மூலைகளை ஒவ்வொன்றாக உருட்டினேன். பிறகு அறிவித்தலைத் திருத்தி எழுதினேன்.

கலஹாப் பக்கத் தோட்டத்து லயத்தைப் பிறப்பிடமாகவும், குண்டசாலையை வதிவிடமாகவும் கொண்ட தவமணி காலமானார். இதை எழுதும் நானும் அங்கேதான் பிறந்தேன்.