நாற்பதாவது தப்படி

"முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது" என்று வாய்க்குள் எண்ணியபடி ஈரப் புல்லில் நடந்து வந்து நிற்கிறார் அவுட்டு மாமா. நின்ற இடத்தில் குதிகாலை ஊன்றித் திருகிச் சின்னதாய் ஒரு குழி போடுகிறார். பிறகு, அடியில் ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பாவை ஆட்டி ஆட்டி, குழிக்கு இருபுறமும் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுக்கிறார். அளவு நாடா அவர் பையிலேயே கிடக்கிறது. எடுக்க மாட்டார். "நாடா இழுத்த இழுப்புக்கு வரும். என் கால் என்னைக்கும் ஒரே அளவுதான்" என்பார்.

ஏரிக்கரைக் குடும்ப முகாமில் சனி, ஞாயிறு விளையாட்டுகளை நடத்துவது இருபத்திரண்டு ஆண்டுகளாக இவர் வேலை. மற்ற நாட்களில் கிழிந்த கூடாரங்களைத் தைப்பார், சொட்டும் குழாய்களைச் சரிசெய்வார். பெயர் குழந்தைகள் வைத்தது. சாக்கு ஓட்டத்தில் கட்டைவிரல் கோட்டில் பட்டால் அவுட். கரண்டியிலிருக்கும் எலுமிச்சம்பழத்தை விரலால் தொட்டால் அவுட். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பாரே தவிர தீர்ப்பை மாற்ற மாட்டார். "அழு கண்ணு, நல்லா அழு. அழுதாலும் கோடு கோடுதான்."

மூன்று வருடங்களுக்கு முன்னால் என்னையும் அப்படித்தான் இடுப்பில் சாக்கோடு வெளியே அனுப்பினார். நாற்பத்தைந்து வயது எனக்கு. பெற்ற பிள்ளைகளே கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தக் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. இருந்தாலும் சீசனின் கடைசி வாரம் வந்தால் கால் இங்கேதான் இழுக்கிறது.

அவருக்கென்று இன்னொரு வழக்கமும் உண்டு. முதலில் வருகிறவருக்கு முடிவுக் கோட்டில் ரிப்பன் கிடையாது, வெறும் விசில்தான். சிவப்பு ரிப்பனைக் கடைசியாக வரும் ஆளுக்குத்தான் பிடிப்பார். "முதல்ல வர்றவனுக்குத் தெரியுமே, ஜெயிச்சுட்டோம்னு. கடைசியா வர்றவனுக்குத்தான் யாராவது சொல்லணும், நீயும் வந்து சேர்ந்துட்டேன்னு."

ரிப்பனின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவர் மனைவி கையில். எங்கள் எல்லோருக்கும் அவர் அத்தை. இந்த சீசன் தொடங்கும் முன்பே அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து மறுமுனை ஒரு மரக்கம்பத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

நகரத்தில் இருக்கும் மகள், இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்கிறாள். அதற்கு அத்தை சொன்னாராம்: "என்னங்க, கடைசி ஞாயித்துக்கிழமை அந்த நாப்பது தப்படியை நானா நடந்து தாண்டிட்டா அடுத்த சீசனும் இங்கதான். இல்லைன்னா மறுபேச்சு இல்லாம மகளோட போயிடலாம்."

மாமா ஒத்துக்கொண்டார். கூடாரத்துணியில் ஊசியைக் குத்தி இழுத்தபடியே இதை என்னிடம் சொன்னார். "நேத்து வரைக்கும் என் தப்படிக்கு இருபத்தாறு வந்திருக்கா. இருபத்தாறரைன்னு கூடச் சொல்லிடலாம். நான் சொல்லலை." கொஞ்ச நேரம் தைத்தார். "மக வீடு எட்டாவது மாடி. அங்க நான் என்னத்தை அளக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை முகாமில் மிச்சமிருந்தது நான்கே குடும்பங்கள். மைதானமெங்கும் சருகு. குளிர்காற்றில் பிள்ளைகள் கம்பளிச் சட்டைக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கயிறு இழுக்க இரண்டு பக்கமும் ஆள் சமமாக வரவேண்டும் என்று என்னையும் என் மனைவியையும் எதிரெதிரே நிறுத்தினார். நான் தோற்றேன். கடைசி ஓட்டத்தில் ஒரு சின்னப் பெண் பாதியில் உட்கார்ந்து சருகு பொறுக்கினாள். அவள் எழுந்து வரும்வரை ரிப்பன் காத்திருந்தது.

வழக்கமாக அதோடு ரிப்பனைச் சுருட்டிவிடுவார். அன்று சுருட்டவில்லை. தொடக்கக் கோட்டில் அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கைதட்டப் போனவர்களை மாமா ஒரு பார்வையில் அடக்கினார். வாக்கரைத் தூக்கி வைப்பது, வலது கால், பிறகு இழுபடும் இடது கால். மாமாவின் தப்படிக் கணக்கில், கண்ணால் அளந்தே நான் மனதுக்குள் எண்ணினேன். இருபத்தாறைத் தாண்டினார். முப்பதில் நின்று மூச்சு வாங்கினார். முப்பத்து நான்கில் வாக்கர் அசையவில்லை. இடது கால் நடுங்கியது.

"அவ்வளவுதாங்க. நாளைக்கு வண்டியை வரச் சொல்லிடுங்க" என்றார் அத்தை, தரையைப் பார்த்தபடி.

மாமா சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு கம்பத்துக்குப் போய் முடிச்சை அவிழ்த்தார்.  அவிழ்த்த முனையை என் கையில் கொடுத்தார். "பிடிங்க. தொய்யக் கூடாது."

அவர் நடக்க, நானும் கூடவே நடந்தேன். எப்போதும் எண்ணுகிற அந்த வாய் எண்ணவில்லை. அத்தைக்கு ஒரு தப்படி முன்னால் நின்றார்.

"என்ன பண்றீங்க? கோடு அங்கல்ல இருக்கு?" என்றார் அத்தை.

 மாமா விசிலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். ரிப்பனை விறைப்பாக இழுத்துப் பிடித்து, நின்ற இடத்தில் குதிகாலை ஊன்றித் திருகிச் சின்னதாய் ஒரு குழி போட்டார்.