தொட்டியில் என் வைக்கோல்

எங்கள் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக்காலம் தொடங்கியதும் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலித் தீவனத்தொட்டியை வைத்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்தவர்கள் அதில் ஒரே ஒரு வைக்கோல் இழை போடலாம். கிறிஸ்துமஸ் திருப்பலியில் பாலன் இயேசுவை அதன்மேல்தான் கிடத்துவார்கள். செய்ததை யாரிடமாவது சொல்லிவிட்டால் போட்டதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். அதுதான் சட்டம்.

ஆவடிக்குக் குடிவந்த முதல் வருடம் இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வைக்கோலை நானே கொண்டுவருகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். பருத்திப்பட்டில் மாடு வைத்திருக்கும் எங்கள் பால்காரரிடம் போய்க் கேட்டேன்.

"இன்னா சார், மூணாவது மாடில மாடு கட்டப் போறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கி என் ஸ்கூட்டரில் வைத்தார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே என் வேகத்தை! ஸ்டேஷன் ஸ்டாண்டில் சரிந்து கிடந்த யாருடைய பைக்கையோ நிமிர்த்தி வைத்தேன். மாடிப்படியில் யாரோ கொட்டிய சாம்பாரைத் துடைத்தேன். ஆபீசில் எனக்கு ஆகவே ஆகாத ஒருவன் செய்த தப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்தேன். மூன்றாம் ஞாயிறு வருவதற்குள் பதினோரு வைக்கோல்!

"பதினொண்ணு! ஒருத்தருக்கும் தெரியாது," என்றேன் மனைவியிடம்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "எனக்குத் தெரியுமே. தினமும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடுறீங்களே."

சுருக்கென்றது. இவள் ஏன் காதுகொடுத்துக் கேட்டாள் என்று கோபம்கூட வந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே. அன்று சாயங்காலமே போய்த் தொட்டிக்குள் கையை விட்டேன். கோயில் பெருக்கும் அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா சார், கொழந்தைக்குப் போட்டத எடுக்கற?"

"பதினொண்ணையும் சொல்லிட்டேன்க்கா."

"அப்ப எடுத்துதான் ஆவணும்," என்று அவர் தள்ளி நின்று பெருக்க ஆரம்பித்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பயம்: பாலன் வந்து படுக்கும்போது என்னுடையது ஒன்றுகூட இருக்காதோ? இன்னும் சில நாள்தான் பாக்கி.

அந்தக் கடைசி வாரத்தில் ஒரு நல்ல காரியம் செய்து, தொட்டியில் ஒரு வைக்கோல் போட்டேன். வீட்டுக்குள் நுழையும்போதே நாக்கு துறுதுறுத்தது. மென்று முழுங்கிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, உமக்குத் தெரியும், அது போதும்," என்றேன். அதுவரை அவரிடம் நான் எதையாவது கேட்டுத்தான் பழக்கம். அன்று கேட்க ஒன்றும் இல்லை. அவ்வளவு சந்தோஷம்!

கிறிஸ்துமஸ் திருப்பலியில் பாலன் சொரூபத்தைத் தொட்டியில் கிடத்தியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனைவி முழங்கையால் இடித்தாள். "உங்களோடது ஒண்ணாவது இருக்கா?"

"இருக்கு."

"என்ன செஞ்சீங்க?"

இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். உங்களுக்கும் சொல்ல மாட்டேன். சொன்னால் அதை எடுக்க வேண்டும். எப்படி எடுப்பேன், அதன்மேல் குழந்தை படுத்திருக்கிறதே!