மீட்டர் மேல் ஒரு தவளை

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் அவரை அலுவலகத்தில் எல்லோரும் ‘பூதக்கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. வாசலோரம் தரையில் பதித்த இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் மீட்டரின் எண்ணைக் குறித்து, படமும் பிடித்து அனுப்புவது அவர் வேலை. மனிதர் அதோடு நிறுத்துவாரா? மூடிக்கு அடியில் நத்தை, பல்லி முட்டை, யாரோ தொலைத்த சாவியின் மேல் படர்ந்த பாசி, எது கண்ணில் பட்டாலும் மண்டியிட்டுவிடுவார்.

அந்தப் படங்களெல்லாம் குடும்பத்து வாட்ஸப் குழுவுக்குப் போகும். “சாப்பிடுற நேரம் பாத்தா பல்லி முட்டைய அனுப்புவீங்க?” என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். மச்சான் மட்டும் தவறாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அவன் பார்க்கிறானா என்று சோதிக்க, ஒரே நத்தையைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் வந்தது. இது என்ன, எங்கே கிடைத்தது என்று ஒரே ஒரு ஆள் கேட்டால் போதும் அவருக்கு. அந்த ஒரு ஆள்தான் கிடைக்கவில்லை.

போன மாதம் அவசரத்தில் படம் மாறிப்போனது. மீட்டர் குடும்பக் குழுவுக்குப் போனது. மீட்டர் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்த தவளை அலுவலகத்துக்குப் போனது. மச்சான் மீட்டருக்கும் கட்டைவிரலைத் தூக்கினான். பில்லில் மீட்டரின் படத்தையும் சேர்த்து அச்சடிப்பது அலுவலக வழக்கம். அங்கேயும் யாரும் பார்க்கவில்லை. தவளை அச்சேறி, வீடு போய்ச் சேர்ந்தது.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். “அந்த வீட்டம்மா பில்லோட வந்து உக்காந்திருக்காங்க. புகார்னு எழுதிக் குடுத்துட்டா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

பூதக்கண்ணாடி போனைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அந்த அம்மாள் பில்லை நீட்டினாள். “இதை எடுத்தது நீங்களா?”

“ஆமாம்மா. தப்பு என்மேலதான்...”

“தப்பு கிடக்கட்டும். இது நிஜமாவே எங்க வாசல்லதான் இருக்கா?”

“மூடிக்கு அடியிலதாம்மா. குழாய் லேசா கசியுது. அந்த ஈரத்துக்கு வந்திருக்கு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ராத்திரி ஆனா கொர்ரு கொர்ருன்னு ஒரு சத்தம். வீட்டுக்காரர் படுத்தா கட்டை, அவருக்கு எங்க கேக்கும்? எனக்குக் காதுல கோளாறுன்னு ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். அப்புறம் மனசுல கோளாறுன்னு இன்னொருத்தர்கிட்ட. கடைசியில நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் சார்.”

மேலதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மீட்டரை மறுபடி பார்த்துப் புது பில் தருவதாகச் சொன்னார்.

“தாராளமா குடுங்க. ஆனா இதை நான் திருப்பித் தர மாட்டேன். அவர் கண்ணுல படுற மாதிரி செவுத்துல ஒட்டணும்.” சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். “மூடிக்கு அடியில வேற என்னல்லாம் பாத்திருக்கீங்க? காட்டுங்களேன்.”

அவர் போனை எடுத்தார். எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் படங்களை மேலும் கீழும் தள்ளினார். கடைசியில் அந்த நத்தையையே காட்டினார்.

“அட, இது எங்க கிடைச்சுது?” என்று கேட்டபடி அவள் கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.