பின்லாந்து மொழியில் போய் வருவது

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளைப் பேச வைத்தவள், இப்போது காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து நானே பேசப் பழகுகிறேன். பின்லாந்தில் மகளுக்குப் பிரசவம். அங்கே விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வருவது அவள் மாமியார், அந்த ஊர்க்காரி. சம்பந்தி முன்னால் ஊமையாக நிற்க மாட்டேன்.

கூட வரும் பேத்தி நோட்டைப் பார்த்துச் சொல்லித் தருகிறாள். 'மெனென்' என்றால் போகிறேன், 'மெனெத்' என்றால் போகிறாய். நம் தமிழ் போலவே வால் மாறினால் ஆள் மாறுகிறது. சத்தமாகவே சொல்கிறேன்.

பக்கத்தில் பூக்கட்டுகிற அம்மா, "இன்னா ஆயா, மந்திரமா?" என்கிறாள். அர்த்தம் சொன்னதும் பூவைக் கீழே வைத்துவிடுகிறாள்.

"பிரசவத்துக்குக் கெளம்பிக்கினு 'போறேன் போறேன்'னா சொல்லுவே? வரேன்னு சொல்லு ஆயா!"

காலையிலிருந்து நூறு தடவை 'மெனென்' சொல்லியிருப்பேன். பேத்தி பக்கம் திரும்புகிறேன்.

"வரேனுக்கு இன்னாடி?"

"துலென். அது அடுத்த பாடம் ஆயா."

"இப்பவே நடத்து."

ஈடுகட்ட நூறு துலென் சொல்லத் தொடங்குகிறேன். நாற்பதிலேயே பேருந்து வந்துவிடுகிறது.

"நீ ஏறு ஆயா, மிச்சத்த நான் சொல்றேன். துலென், துலென்..." என்கிறாள் பூக்கட்டுகிற அம்மா.

ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துகிறேன். "துலெத்துன்னு, 'நீ வரே'ன்னு சொல்லும்மா! வரப்போறது நானு!"

பேத்தி, இதுவரை நான் சொல்லி நீ நோட்டில் எழுதியதைப் படி. துலென் குறைந்திருந்தால் இன்னும் சேர்ப்போம்.