பெயருக்கு ஒரு சுரம்

எண்பதுகளின் நடுவில் நான் திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. உங்கள் அம்மா அப்போது மூத்தவனைச் சுமந்திருந்தாள். தலைமை ஆபீஸ் அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் எங்கள் கம்ப்யூட்டரைப் பாடவும் வைக்க ஓர் ஒல்லி மனிதர் வந்தார். புதிதாக எதையும் மாட்டவில்லை; பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரே போதுமென்றார். ஒவ்வொரு சுரத்தையும் முனகிப் பார்த்துத்தான் தட்டினார்.

"பாட்டு எதுக்குண்ணே?"

"ஆள் குறைக்கிற லிஸ்ட் வந்தா தெரியணுமாம். பேருக்கு ஒரு சுரம்லா, தம்பி."

"அப்ப கல்யாண மேளமா வைங்க," என்று சிரித்தேன்.

சோதித்துப் பார்க்க, மூன்று பெயர் அனுப்பும்படி தலைமை ஆபீசுக்குப் போன் செய்தார். பெட்டி பாடத் தொடங்கியது, நிற்கவே இல்லை.

"சோதனைதானே அண்ணே?"

"நான் மூணு பேருதான் கேட்டேன்," என்றவர், எழுந்து திரையை முதுகால் மறைத்து நின்றுகொண்டார். என் பெயர் வருவதற்கு முன்பா, வந்த பிறகா மறைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.