முதல் கேசட்டோட நின்னுபோன கதை

இன்னைக்குக் காரிமங்கலத்துல இருந்து தர்மபுரி போற பஸ்ல ஆரோக்கியம் அண்ணன் பக்கத்துல வந்து உக்காந்தாரு. எங்க ஊருக்காரரு.

போனை எடுத்து நீட்டினாரு. "தம்பி, எண்பத்தஞ்சு வாக்குல கல்லு கம்பெனிக்காரங்க டிவியும் டெக்கும் ஜீப்புல கொண்டாந்து ஒரு இங்கிலீஷ் தொடர் போட்டாங்களே, அது இதுல கெடைக்குங்களா?"

எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. வேற கிரகத்துல இருந்து வந்தவங்க சிரிச்சுக்கிட்டே மருந்து தர்றோம், வேலை தர்றோம்னு சொல்லுவாங்க. முதல் கேசட் முடிஞ்சதும் கம்பெனிக்காரங்க மிச்சம் அப்புறம்னாங்க. மறுநாள் காலையில அண்ணனோட அப்பா உட்பட மலையடிவாரத்து நெலக்காரங்ககிட்ட எல்லாம் கைநாட்டு வாங்கிட்டாங்க. ரெண்டாவது கேசட் வரவே இல்ல.

மிச்சத்தைப் போன மாசம்தான் நெட்ல பார்த்தேன். "அவங்க நல்லவங்க இல்லண்ணே. நம்ம தண்ணிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தாங்க"ன்னேன்.

அவரு ஜன்னல் வழியா வெளிய பார்த்தாரு. மலை இருந்த எடத்துல இப்ப குழிதான் இருக்கு.

"அன்னைக்கே அதையும் போட்டிருந்தா உங்கப்பா கைநாட்டு வெச்சிருக்க மாட்டாருல்ல?"ன்னு கேட்டேன்.

"வெச்சிருப்பாருங்க தம்பி. கம்பெனிக்காரங்கதான் எங்கப்பாவுக்கு நாற்காலி போட்டு, வாங்க, உக்காருங்கன்னாங்க. அதுவரைக்கும் ஊர்ல யாரும் சொன்னதில்ல. உங்க வூட்டுக்கு வந்தாலும் வாசல்லயேதான் நிப்பாரு."



அந்தத் தொடர்ல எங்க வூட்டு ஆளுங்க எந்தப் பக்கம்னு யாராச்சும் சொல்லுங்க.