‘பாசமிகு’வை அடித்துவிடும் புஷ்பராணி அக்கா

கோத்தகிரியை அடுத்த அரவேணுவில் பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டுச் சிறு விவசாயிகள் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். சாரல் நின்று பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மலரிடமிருந்து தொலைபேசி வந்தது. மலர், புஷ்பராணி அக்காவின் ஒரே மகள். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள்.

“மாமா, அம்மா காலைல எந்திரிக்கவே இல்லீங்க மாமா.”

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் கை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டது. “வயசு என்னம்மா?” என்று கேட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சாவுச் செய்தி கேட்டால் முதலில் வரும் கேள்வி அது. “என்ன மாமா, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு இருவரும் அழுதோம். சாலையோரம் இருந்த விவசாயி ஒருவர் எழுந்துவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

குன்னூர்ப் பேருந்து நிலையத்துக்கு மேலே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஏறும் படிக்கட்டு உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்த மறுநாள் அந்தப் படியில் ஏறியிருப்பீர்கள். மேலே ஒரே அறை. ஒரு மேசையில் நான், ஒரு நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளன். எதிர் மேசையில் எல்லா நாளிதழ்களுக்கும் விளம்பரம் வாங்கி அனுப்பும் புஷ்பராணி அக்கா. கல்யாண மண்டபம், மனை விற்பனை என்று எல்லா விளம்பரமும் வரும். ஆனால் ஊரில் அவரை எல்லோரும் அறிந்தது ‘காலமானார் போடுகிற அக்கா’ என்றுதான்.

பத்து வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவர் அவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீலகிரியில் இருந்து கொங்குப் பேச்சு பேசினாலும், கோபம் வந்தால் அந்தப் பழைய தோட்டத்துப் பேச்சு வந்துவிடும். கணவர் செல்லையா விடிகாலையில் நாளிதழ்க் கட்டுகளைப் பிரித்து வீடுவீடாகப் போடுகிறவர். மலர் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை அக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். மண் சரிந்து பாதை அடைபட்டு, யாருமே படியேறி வராத ஒரு மழை நாளில். கணவரின் படத்தை எடுத்துக்கொண்டு விளம்பரம் வாங்குமிடத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்தவர் சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு, குறைந்தபட்ச அளவு இவ்வளவு, படம் போட்டால் இவ்வளவு, வண்ணம் என்றால் இவ்வளவு என்று கணக்குப்போட்டு ஒரு தொகையைச் சொன்னார். அக்கா படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

“பதினாலு வருசம் அந்தப் பேப்பரைத் தோள்ல சொமந்தாருங்க தம்பி. ஒரு நாள்கூட அவரு மொகத்தை அது சொமக்கலை” என்றார். பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அடுத்த ஆண்டே அந்த வேலையை அவர் கையில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “வயித்துப் பொழப்புக்குங்க” என்றுதான் சொல்லியிருப்பார்.

அவர் யாருக்கும் இனாமாகப் போட்டுக்கொடுத்ததில்லை. அப்படி ஒரு கதை ஊரில் உலவுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். “இனாமாப் போட நான் என்ன முதலாளியா?” என்று கேட்பார். அவர் செய்தது வேறு. வருகிறவர்களுக்குச் சதுர சென்டிமீட்டர் புரியாது. அதனால் வெள்ளைத்தாளில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போடுவார். “இது தீப்பெட்டி அளவு. இது போஸ்ட் கார்டு அளவு. இது உங்க கையகலம். எது தோதுப்படுதுன்னு ஊட்ல பேசிட்டு வாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்தா நாளைக்கே வந்துரும்.” கோவைப் பதிப்பு மட்டும் போதும் என்பார். “மதுரைக்காரங்களுக்கு உங்க சித்தப்பாவைத் தெரியுமாங்க? தெரியாதில்ல? அப்ப அவங்க படிக்கறதுக்கு நீங்க எதுக்குக் காசு கட்டறீங்க?” தொகை பாதியாகிவிடும். அவருடைய கமிஷனும் பாதியாகிவிடும்.

பிறகு சொற்களுக்கு வருவார். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து சிவலிங்கம் என்ற கூலித் தொழிலாளி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிலோனிலிருந்து வந்த குடும்பம். அப்பா காளிமுத்து இறந்துவிட்டார். பக்கத்து வீட்டில் படித்தவர் யாரோ ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா சிவப்பு மை பேனாவை எடுத்தார்.

“பாசமிகு, பண்புமிகு, ஆருயிர்… இதெல்லாம் எதுக்குங்க? பாசமில்லாத அப்பனுக்கு யாருங்க காசு கட்டி விளம்பரம் போடறாங்க? நீங்க போடறதே பாசந்தான்.”

சிவலிங்கம் தலையாட்டினார். ‘ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ போயிற்று. ‘இறைவனடி நிழலில் இளைப்பாற’ போயிற்று. ஒரு பக்கம் நான்கு வரியாகி, தீப்பெட்டிக்குள் அடங்கியது. பிறகு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“சிலோன்ல எந்தத் தோட்டம்?”

“பூங்கந்தைங்க. மேக்கணக்கு டிவிசன்னு அப்பா சொல்லுவாரு. அதெல்லாம் எதுக்குங்க, ஒரு வரி கூடுமில்ல?”

“கூடட்டும். இதுக்குத்தான் அதையெல்லாம் வெட்டினேன்.”

மறுநாள் அது வெளிவந்தது. பூங்கந்தைத் தோட்டம், மேற்கணக்கு காளிமுத்து. பக்கத்து மேசையிலிருந்த நான்கூட அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வயதான அம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் கிழித்தெடுத்த தாள். வால்பாறை எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பெயர் ராமாயி. காளிமுத்துவின் தங்கை. அண்ணன் குடும்பம் முதலில் கப்பலேறிவிட, மூன்று ஆண்டு கழித்து இவரைக் கணவரோடு அனுப்பியிருக்கிறார்கள். இவரைக் கொண்டுபோய் இறக்கிய இடம் வேறு. எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. அப்புறம் யார் யாரைத் தேடுவது? அண்ணன் ஒரு மலையில், தங்கை இன்னொரு மலையில். இரண்டு மலைக்கும் ஒரே கோவைப் பதிப்புதான் போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட் டீக்கடையில் யாரோ சத்தமாக வாசித்தபோது தோட்டத்தின் பெயர் காதில் விழுந்திருக்கிறது.

“செத்த பொறகாச்சும் அட்ரஸ் குடுத்தானே எங்கண்ணன்” என்றார் அந்த அம்மாள். அழவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

அக்கா அன்றைக்கு அறையைப் பூட்டிவிட்டு, அவரைத் தாமே பஸ்ஸில் கோத்தகிரிக்கு அழைத்துப்போனார். என்னையும் வரச்சொன்னார். மறுநாள் பதினாறாம் நாள் காரியம். வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்த சிவலிங்கம் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளின் முகத்தில் என்ன கண்டாரோ, கையிலிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, “அத்தையா?” என்றார். ஒருமுறைகூடப் பார்த்திராத அத்தை.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாங்கள் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டோம் என்ற பூரிப்பில் நான் இருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார். “எத்தனை பேருக்கு இந்த மாதிரி ஒரு வரிய வெட்டித் தொலைச்சிருப்பனோ, தம்பி” என்றார்.

அந்த நாளிலிருந்து அவர் எல்லோரிடமும் பழைய ஊரைக் கேட்கத் தொடங்கினார்.

எப்போதும் கனத்த முகத்தோடு இருப்பவர் அல்ல அவர். அரவேணுவில் ஒரு பெரியவர், தேயிலை ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு ஏப்ரலிலும் குடையோடு வந்து நிற்பார். தன்னுடைய விளம்பரத்துக்கு இப்போதே பணம் கட்டிவிட வேண்டுமாம். மகன்கள் அளவு விஷயத்தில் சண்டை போட்டுக்கொள்வார்களாம்.

“ஏனுங்க அம்மிணி, இந்த வருசம் ரேட்டு ஏறியிருக்குதா?”

“ஏறித்தானுங்க இருக்குது.”

“அப்பப் போன வருசமே போயிருக்கோணும்ங்கறீங்க.”

“போயிருந்தா மிச்சமாயிருக்கும். என்ன பண்றது, சான்றிதழ் வேணுமே. எறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் இல்லாம பேப்பர்ல வாங்க மாட்டாங்க.”

“அத நானே எப்படிங்க கொண்டாறது?”

இருவரும் சிரிப்பார்கள். டீ வரும். அவர் குடையை மறந்து போவார், அக்கா படியில் ஓடி இறங்கிக் கொடுப்பார். அக்காவின் அடக்கத்தன்று அந்தப் பெரியவர் வந்திருந்தார். வாசல் பெஞ்சிலேயே மாலைவரை இருந்தார்.

என்னோடு அவர் போட்ட சண்டையையும் சொல்லத்தான் வேண்டும். தலைமை ஆசிரியர், சங்கத் தலைவர், பழைய கவுன்சிலர் போன்றவர்கள் இறந்தால் நான் செய்தியாக அனுப்புவேன். காசில்லாமல் வரும். முப்பது ஆண்டு ஒரே எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகம் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாள் இறந்தபோது, அவர் குடும்பத்திடம் தீப்பெட்டி அளவுக்கும் பணம் இல்லை. செய்தியாக அனுப்பச் சொன்னார் அக்கா. அலுவலகத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன்.

“காட்டெருமை முட்டிச் செத்தா சும்மா போடுவீங்க. நெஞ்சுவலியில செத்தா காசு கேப்பீங்க. அந்தம்மா வளத்த புள்ளைக எத்தனை பேருன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது என்றேன். அதன் பிறகு அக்கா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஒரே அறை, எதிரெதிர் மேசை. டீ வந்தால் எனக்கும் சேர்த்து வாங்கி வைப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். கடைசியில் நான் அந்த எஸ்டேட்டுக்குப் போய், அந்த அம்மாளிடம் வளர்ந்தவர்களைப் பார்த்துப் பேசி, அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். வந்தது. அக்கா வாசித்துவிட்டு, “எழுத்துப்பிழை ரெண்டு இருக்குது” என்றார். சமாதானம் ஆகிவிட்டோம் என்று அர்த்தம்.

அவருக்கான விளம்பரத்தை நான்தான் எழுத வேண்டியதாயிற்று. அடக்கம் முடிந்த மறுநாள் மலரும் நானும் உட்கார்ந்தோம். நான் நான்கு வரி எழுதி, தீப்பெட்டி அளவுக் கட்டம் போட்டு நீட்டினேன். அக்காவுக்கு அதுதான் பிடிக்கும் என்று நிச்சயமாக நம்பினேன்.

மலர் அதைப் பார்த்தாள். “ஊருக்கே போட்டாங்க மாமா. அவங்களுக்கு இத்தினிக்கூண்டா?” என்றாள். கால் பக்கம் வேண்டும், வண்ணத்தில் வேண்டும் என்றாள். தொகையைச் சொன்னேன். அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வந்தது. “நான் கட்டறேன்.”

“அம்மா இருந்தா திட்டுவாங்கம்மா.”

“திட்டட்டும் மாமா. திட்டுனா நல்லாத்தான இருக்கும்.”

எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. காந்தலிலிருந்து இரண்டு அண்ணன் தம்பிகள் வந்து, அம்மாவுக்கு அரைப்பக்க விளம்பரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அம்மாவை உயிரோடு இருந்தபோது அவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அவர்கள் இறங்கிப்போன பிறகு நான் சிரித்தேன். அக்கா அதட்டினார். “சிரிக்காதீங்க தம்பி. குடுக்க வேண்டிய நேரத்துல குடுக்கலை. இப்பக் குடுக்கறாங்க. வாங்கிக்க ஆளில்லைன்னு அவங்களுக்கும் தெரியும்.” மலர் அம்மாவை அப்படி விட்டவள் இல்லை. மாதம் இருமுறை மலையேறி வந்துபோனவள். ஆனாலும் கொடுப்பதை நிறுத்த அவளுக்கு அன்று மனம் வரவில்லை. நான் யார் அதற்குக் கட்டம் போட?

தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ‘பாசமிகு அன்னையார்’ என்று தொடங்கச் சொன்னாள். தொடங்கினேன். எந்தச் சொல்லையும் அடிக்கவில்லை. வண்ணத்தில், கால் பக்கத்தில், மகள் கல்யாணத்துக்குக் கட்டிய மாம்பழ மஞ்சள் பட்டோடு அக்கா வந்தார். அவ்வளவு பெரிதாக அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இடது புருவத்தில் ஒரு சிறு வெட்டுத் தழும்பு இருந்திருக்கிறது. இருபது ஆண்டு எதிரில் உட்கார்ந்து கவனிக்காததை அந்தக் கால் பக்கம் காட்டியது. மலர் செய்தது சரி.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். காலையில் நாளிதழ்க் கட்டு வந்ததும் அக்கா முதலில் திறப்பது மரண அறிவிப்புகள் வரும் பக்கத்தைத்தான். அதை நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க மாட்டார். எழுந்து நின்று, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லி வாசித்து முடித்த பிறகுதான் உட்காருவார். முழங்கால் வலி வந்த பின்னும் அப்படித்தான். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “எழவு ஊட்டுக்குள்ள உக்காந்துட்டேவா நுழைவோம்?” என்றார்.

இப்போது அந்த அறையில் எதிர் மேசை காலி. காலையில் கட்டு வருகிறது. அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் எழுந்து நிற்கிறேன். தெரியாத பெயர்கள்தான். ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க நாலைந்து நிமிடம் ஆகிறது. முடித்துவிட்டு உட்காருகிறேன்.